மாலை போட்ட கழுத்தும் பேரிக்காய் பையும்

கொடைக்கானல் என்று சொன்னதும் ஆளாளுக்கு ஏரி, பனி, படகு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த ஊருக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. கழுத்தில் துளசி மாலை, வயிற்றில் பாதிப் பசி, போக வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்க ஒரு நாதியில்லை. ஊர் மேல் குற்றமில்லை. கூட வந்த ஆட்கள் அப்படி.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருமங்கலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போய் அப்போது ஏழாவது வருஷம். பிள்ளை இல்லை. அந்த வீட்டில் பால் திரிந்தால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு மாமியார் எனக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பார், கிளம்பும் நேரத்தில், "நீ வீட்டப் பாத்துக்க" என்பார். சேலை பெட்டியில் கிடக்கும்.

மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் மட்டும் தனியாகப் போய்வந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு பேரையும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். இதை வீட்டில் வந்து சொன்னதும் என் கணவருக்குக் கடையில் வேலை கூடிவிட்டது. கேட்கும்போதெல்லாம், "சோலி கெடக்கு, அடுத்த வாரம் பாப்போம்" என்பார். எத்தனையோ அடுத்த வாரங்கள் போயின. "எம் மகனுக்கு என்ன கொற? எதுக்கு டாக்டரு?" என்று மாமியார் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார், கேட்காத கேள்விக்கும் சேர்த்து.

அப்புறம் மாமியாரே ஒரு வழி சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பழனி முருகனுக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் விரதம் இருந்து, ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி வர வேண்டும். நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "இருக்கேன் அத்தை. ஆனா பழனி போயிட்டு வந்ததும் இவரும் என்கூட டாக்டர்கிட்ட வரணும். உங்க முன்னாலயே சொல்லச் சொல்லுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில், "வாரேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் மாலை போட்டேன். முருகனுக்காக என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். முருகனுக்கும் அது தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி கொதிக்கும். மாலை போட்டதிலிருந்து கறி இல்லை, முட்டை இல்லை, வெங்காயம்கூட இல்லை. ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை, வெள்ளனே எழுந்து தலைக்குக் குளியல். அவருக்குக் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று இரண்டு வேளையும் தோசை உண்டு. எனக்கு ஒரு வேளைதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மதுரைக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடம் நாள் வாங்கி வைத்துக்கொண்டேன், பழனிக்குப் போய்த் திரும்பியதும் போகிற மாதிரி.

பழனியில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவருக்கு மொட்டை போட்டு மண்டை நிறைய சந்தனம் அப்பினார்கள். எனக்குப் பூமுடி, நுனியில் கொஞ்சம் வெட்டினார்கள். கூட்டத்தில் மிதிபட்டு, வியர்வையில் நனைந்து, சாமி பார்த்துக் கீழே இறங்கியபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. முடிந்தது, இனி டாக்டர்.

எங்கள் வழக்கம் என்னவென்றால், கோயிலுக்குப் போனால் வேறு எங்கும் நுழையாமல் நேரே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் மாமியார் தன் கையால் மாலையைக் கழற்றிய பிறகுதான் விரதம் முடிந்ததாகக் கணக்கு. இந்த வழக்கத்தை எனக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்தவரே மாமியார்தான். ஆனால் சென்னையிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தார். என் கணவருக்கு அக்கா, எனக்கு மதினி. மாமியாரும் கூட வந்த வாடகை வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே மேல ஏறி கொடைக்கானல் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

"மாலையோட எங்கயும் போகக் கூடாதுன்னு அத்தை சொல்வாங்களே மதினி" என்றேன்.

"அதுவும் பழனிமலைத் தொடர்தானம்மா. முருகன் மலைய விட்டு நாம எங்க வெளிய போறோம்?" என்றார் மதினி. மாமியார் பூரித்துப்போனார். மகள் சொன்னால் வழக்கம் வளையும், மருமகள் சொன்னால் நிமிரும். என் கணவர் மொட்டைத் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ராத்திரி மேலே ஒரு லாட்ஜில் குளிரில் நடுங்கினோம். வெறுந்தரையில் ஒரு போர்வையோடு நான் படுத்திருந்தேன், அவருக்குக் குளிர் தாங்காது என்று மாமியாரே கட்டிலில் படுக்கச் சொன்னார். மறுநாள் காலை ஏரியைச் சுற்றினோம், மதினி எங்களையெல்லாம் நிறுத்திவைத்துத் தன் கேமரா போனில் படம் எடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் கிளம்பினால் ராத்திரிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம், விடிந்தால் டாக்டர் என்று நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளம்புகிற நேரத்தில் மதினி ஆரம்பித்தார். நாயுடுபுரத்தில் ஒரு சின்ன ஓட்டல் இருக்கிறதாம், அங்கே பை ரொம்பப் பிரசித்தமாம், அவர் அடுக்குமாடியில் குடியிருக்கிற யாரோ சொன்னார்களாம்.

"கடைல வாங்குற பையா?" என்றார் மாமியார்.

"ஐயோ அம்மா, அது திங்கிற பை. மாவுக்குள்ள பழத்த வச்சு மூடிச் சுடுவாங்க. வெள்ளக்காரன் பண்டம். இங்க மிஷன் ஸ்கூலெல்லாம் இருக்குல்ல, அதுல வந்தது."

ஓட்டல் என்றால் நாலு மேஜை. தகரக் கூரையில் மழை கொட்டியது. உள்ளே வெண்ணெயும் பட்டையும் சேர்ந்து வேகிற வாசனை. இத்தனை நாளும் உப்புக் குறைந்த சாம்பார் சாதம் தின்ற மூக்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, வாசனை மேலேயே கோபம்.

கடையை நடத்தியவர் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், பேச்சில் சிலோன் வாடை, ஸ்வெட்டருக்கு மேல் சேலையை இழுத்துச் செருகியிருந்தார். மதினி அவரிடம், "நாங்க விரதம். இதுல நான்-வெஜ் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இறைச்சி ஒண்டும் இல்ல, பழம் மட்டும்தான்" என்றார் அந்த அம்மா. மதினி எங்கள் பக்கம் திரும்பி, "கேக்குலதான் முட்டை போடுவாங்க. இது பை" என்று தீர்ப்புச் சொன்னார். கேக்கில் முட்டை உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பைக்கு என்ன சட்டம் என்று யாருக்கும் தெரியாது. மாமியார், "பழந்தான, பழம் விரதத்துக்கு ஆகும்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆப்பிளில் ஒன்று, வாழைப்பழத்தில் ஒன்று, பேரிக்காயில் ஒன்று என்று மதினி மூன்றும் வாங்கினார். டிரைவர் அண்ணன் வெளியே டீ போதும் என்று நின்றுவிட்டார். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு கரண்டியோடு மூன்று தட்டிலும் கை வைத்தோம்.

ஆப்பிள் எனக்குப் பிடிக்கவில்லை, மதுரைக் கடைகளில் கிடைக்கிற ஜாம் மாதிரி இனிப்பு. வாழைப்பழப் பையை வாயில் போட்டதும் மாமியார், "ஏலே, இது நம்ம பஞ்சாமிர்தத்த மாவுக்குள்ள வச்சு மூடுன மாதிரில இருக்கு" என்று மகனிடம் சொல்லிவிட்டு அந்தத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பேரிக்காய் மட்டும் வேறு ரகம். அந்த மலையில் விளைகிற கல்லு மாதிரிக் காய்தான். வெந்ததும் அப்படிக் குழைந்து, கொஞ்சம் துவர்த்து, கொஞ்சம் இனித்து, மேலே இருந்த மாவு மூடி பல்லில் பட்டதும் நொறுங்கியது. மூடி பளபளவென்று பொன்நிறத்தில் இருந்தது. வெறுப்பாக வந்தவள் நான், வெறுப்பாகவே தின்ன முடியவில்லை. என் கணவர் பேரிக்காயில் இரண்டாவது துண்டு எடுத்தார். நானும் எடுத்தேன்.

மதினிக்கு அதோடு எழுந்திருக்க மனசு வரவில்லை. சென்னையில் போய்ச் செய்து பார்க்க வேண்டும், எப்படிச் செய்கிறீர்கள் என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாவும் நின்றபடியே சொன்னார். மைதா, வெண்ணெய், ஐஸ் தண்ணீர், பழத்துக்குச் சீனி, பட்டைத் தூள். "மேல இந்த மினுக்கம் எப்படி வருது?" என்று மதினி மூடியைத் தட்டிக் காட்டினார்.

"அது அடுப்புல வைக்க முன்னுக்கு முட்டைய அடிச்சுத் தடவுறது" என்றார் அந்த அம்மா.

மாமியார் கரண்டியைக் கீழே போட்டார். என் கணவர் வாயில் இருந்ததை முழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முழித்தார். பிறகு முழுங்கிவிட்டார், நான் பார்த்தேன்.

மதினி எகிறினார். "வெஜ்ஜானு கேட்டேன்ல? மாலை போட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நீங்க இறைச்சி இருக்கான்னு கேட்டீங்க, இல்லன்னு சொன்னேன். முட்டைய நீங்க கேக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. என் மாலையைப் பார்த்து, "மாலை போட்டவங்க ஓட்டல்ல வந்து சாப்பிட ஏலாதுதானே? எங்க வீட்லயும் மாலை போடுறதுதான். வீட்டுக்குப் போய்த்தான் வாயத் தொறப்போம்" என்றார். அந்த இடத்தில் எனக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பதில் சொல்ல முடியாதவர்களுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மாமியார் என் பக்கம் திரும்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டே, "இவ மனையியல் படிச்சவதான? காலேசுல இதத்தான படிச்சா? பையில முட்டை இருக்கும்னு இவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார்.

"தெரியாது அத்தை" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சேதான் தின்ன. ஒனக்குச் சாமி மேல நம்பிக்கை கெடையாது, டாக்டரு மேலதான் நம்பிக்கை."

எங்கள் கல்லூரியில் முட்டையில் என்ன சத்து என்று ஒரு பாடம் இருந்தது. பை சுடச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதையும் சொன்னேன். யார் கேட்டார்கள்? நாலு பேர் தின்றோம். மாலை போட்டவர்கள் இரண்டு பேர். முட்டை மட்டும் என் ஒருத்தி வாயில்தான் போனது. மாமியார் அங்கேயே முடிவும் சொல்லிவிட்டார்: "வெரதம் முறிஞ்சுபோச்சு. அடுத்த ஆடிக்கு மறுபடி மாலை போட்டு மொதல்ல இருந்து இருக்கணும். அதுவரைக்கும் டாக்டரு கீக்டருன்னு எவனும் போகக் கூடாது."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று தேடினேன். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட பிள்ளையின் முகம் அது.

இத்தனைக்கும் நடுவில் மதினி தன் வீட்டுக்காரருக்கு என்று பேரிக்காய்ப் பையில் இரண்டு துண்டு பார்சல் கட்டச் சொன்னார். "அவருக்கு மாலை இல்லையே" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டார். பார்சலைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் தூக்குகிற பொருள் எல்லாம் என் மடிக்குத்தான் வரும்.

வத்தலக்குண்டு பக்கமாக இறங்கினோம். செண்பகனூர் தாண்டி, பெருமாள்மலை தாண்டி, வளைவுகள் ஆரம்பித்ததும் என் கணவருக்குக் குமட்டியது. கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார் மாமியார். முகர்ந்து பார்த்தும் அடங்கவில்லை. டிரைவர் அண்ணன் ஓரமாக நிறுத்தினார். இவர் இறங்கி ஓடி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கினார். மலைப்பாதையில் வேன் ஏறிய யாருக்கும் வருகிற வாந்திதான். ஆனால் மாமியார் வேனைவிட்டு இறங்கி, மழைத் தூறலில் நின்று, கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"முருகா, எம் மகன் வயித்துல இருந்து நீயே எடுத்துட்டியே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதைப் பார்த்து மதினி, "ஒனக்கு ஒமட்டலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு எந்த மலையிலும் வாந்தி வந்ததில்லை. அது அன்றைக்குக் குற்றமாகிப்போனது.

மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்துவிட்டது. "அவனுக்கு வெளிய வந்துருச்சு, அவன் வெரதம் நிக்குது. நீயும் கக்கிட்டா ஒனக்கும் நின்னுரும்" என்றார். ரோட்டோரம் சோளம் அவித்து விற்ற ஒருத்தியிடம் உப்பு வாங்கினார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அதற்குள் அள்ளிப் போட்டுக் குலுக்கினார்கள். "வெரசா குடி, வெரலை விடு, எல்லாம் வந்துரும்" என்றார் மாமியார்.

என் கணவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். தணிந்த குரலில், "ஒரு தடவை கக்கிரு. அம்மாவுக்குத் திருப்தியாயிரும். நாளைக்கு டாக்டர்ட்ட நான் வாரேன்" என்றார்.

பாட்டில் என் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஒரு வாந்திதானே, விடிந்தால் டாக்டர். உப்புத் தண்ணீர் உதட்டில் பட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். தான் கக்கியதால் சுத்தமாகிவிட்டோம் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பிக்கொண்டு நின்றார். வளைவில் வந்த வாந்தி அவருக்கு முருகன் கொடுத்த சான்றிதழ் ஆகிவிட்டது. இனி எந்த டாக்டர் சொன்னாலும் இந்த ஆளுக்கு ஏறாது. நாளைக் காலையில் கடையில் சோலி கிடக்கும். நான் கக்கியது போதாது என்பார்கள். அதற்கப்புறம் இன்னொன்று சொல்வார்கள். குடிக்கிறது எல்லாம் நான்தான் குடிக்க வேண்டும்.

பாட்டிலைக் கவிழ்த்தேன். தண்ணீர் ரோட்டில் ஓடியது.

மதினியின் பார்சலைப் பிரித்தேன். இரண்டு துண்டில் ஒன்றை எடுத்து, அவர்கள் மூன்று பேரும் பார்க்க, அங்கேயே நின்று தின்றேன். ஆறிப்போயிருந்தது, மூடி நமத்துவிட்டது. ஆனாலும் நன்றாக இருந்தது. அவசரப்படவில்லை, மென்று தின்றேன். மாமியார் என்னென்னவோ சொன்னார். மதினி, "அது அவருக்கு வாங்குனது" என்றார். முடித்துவிட்டு, "இப்பத்தான் அத்தை, தெரிஞ்சு தின்னேன்" என்றேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வந்ததும் டிரைவர் அண்ணனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். மாலையை யார் கையையும் எதிர்பார்க்காமல் நானே கழற்றி, கும்பிட்டு, அவர் கழுத்தில் போட்டேன். தம்பிக்குக் கொடுத்துவிடுவார். முருகன் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. மதுரை பஸ் நின்றது, ஏறிவிட்டேன். மதுரையில் என் பெற்றோர் வீட்டில் போய்ப் படுத்தேன்.

காலையில் டாக்டரம்மாவிடம் போய்ப் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். எவ்வளவு கோபம் இருந்தும் அந்த இடத்தைப் பிடித்தேன், பாருங்கள். வாசலில் மொட்டைத் தலை தெரியும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். ஆடி மாசம், மதுரையில் மொட்டைத் தலைக்கா பஞ்சம்? எதுவும் அவர் இல்லை. கூப்பிட்டார்கள், தனியாக உள்ளே போனேன். சோதனை எல்லாம் முடிந்து, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்காரர் எப்போது வருவார் என்றார். "அவருக்கு முருகன் எடுத்துட்டாரு டாக்டர்" என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

அந்த வீட்டுக்கு நான் திரும்பவில்லை. விரதத்தில் முட்டை தின்ற மருமகள் என்று ஊரெல்லாம் சொல்லி, பஞ்சாயத்துப் பேசி, அத்துவிட்டு, அவருக்கு இரண்டாவதாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். பெண் வீட்டாருக்கும் அந்த முட்டைக் கதையைத்தான் சொன்னார்களாம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் மாலை போடுகிறார்கள் என்று கேள்வி. மூன்று ஆடி ஆயிற்று. அவர் இன்னும் எந்த டாக்டரிடமும் போகவில்லை. வழக்கத்தை மட்டும் இப்போது கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்களாம், மூன்று முறையும் கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குத்தான் வந்தார்களாம்.